வேறுபாடும் தேர்வும்: கணிப்பொறி இசைக்கு வித்திட்ட ஆலன் டூரிங்

முன்னுரை

இசை என்பது ஒலிகளின் வெறுங் கூட்டம் அன்று. தெரிந்தெடுக்கப்பட்ட ஒலிகளின் ஒழுங்கு ஆகும். தேர்ந்த பாடகர் ஒருவர் ஒரே இசைத்தொடரைப் பத்து விதமாகப் பாடிப் பார்க்கிறார். ஒன்பதை விடுத்து ஒன்றைக் கொள்கிறார். அவ்வொன்றைக் கேட்ட மாணவர் அதனைச் சிறிது மாற்றிப் பாடுகிறார். அம்மாற்றங்களுள் சுவைஞர் விரும்பியது நிலைக்கிறது, விரும்பாதது மறைகிறது. வேறுபாடு தோன்றுதல், அவ்வேறுபாடுகளுள் சில தேர்ந்தெடுக்கப்படுதல், தேர்ந்தவை அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்தல் ஆகிய மூன்று படிகளே இசை மரபுகளை வளர்த்து வந்துள்ளன எனலாம். உயிரினங்களின் தோற்றத்தை விளக்கச் சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கையும் இம்மூன்று படிகளையே அடிப்படையாகக் கொண்டது.

இக்கொள்கையைக் கணிப்பொறிக்குள் புகுத்தி, எந்திரத்தால் இசை வேறுபாடுகளைப் பிறப்பித்து, அவற்றுள் நல்லனவற்றைப் பொறுக்கி வளர்க்கும் முயற்சி 1990களில் வேரூன்றியது. அதற்கு வேண்டிய வித்துகள் இரண்டு. ஒன்று, சுரம் எழுப்பவல்ல கணிப்பொறி; மற்றொன்று, தேர்வின் வழியே தன்னைத் திருத்திக் கொள்ளும் எந்திரம் என்னும் கருத்து. இவ்விரண்டோடும் நெருங்கிய தொடர்புடையவர் இங்கிலாந்து நாட்டுக் கணித அறிஞர் ஆலன் டூரிங் ஆவார். அவர் இசைவாணர் அல்லர். தம் இரு வித்துகளையும் ஒரே பாத்தியில் ஊன்றிப் பார்த்தவரும் அல்லர். எனினும் பின்வந்தோர் கண்ட விளைச்சலுக்கு அவர் இட்ட வித்துகளே முன்னோடி. அந்நோக்கில் அவரது வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா அவரது ஆய்வில் மட்டுமன்றி வாழ்விலும் எவ்வாறு எழுந்தது என்பதையும் உடன் காண்போம்.

பிறப்பும் இளமையும்

டூரிங்கின் குடும்பத்திற்கும் அன்றைய சென்னை மாகாணத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைத் தமிழர் பலர் அறியார். அவருடைய தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றியவர். தாயார் எத்தல் சாரா கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவ்வம்மையாரின் தந்தையார் எட்வர்டு வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். ஜூலியசும் சாராவும் கப்பற் பயணத்தில் சந்தித்து, 1907இல் டப்ளின் நகரில் மணம் புரிந்து கொண்டனர். அவர்களுடைய மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். இளைய மகனாகிய ஆலன் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார்.

தந்தையாரின் பணி இந்தியாவில் இருந்தமையால் பெற்றோர் பெரும்பாலும் கடல் கடந்தே வாழ நேர்ந்தது. பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் ஓய்வு பெற்ற படை அதிகாரி ஒருவரின் குடும்பத்தாரிடம் வளர்ந்தனர். தாய் தந்தையர் வருவதும் போவதுமாகக் கழிந்த அவ்விளமை, தனித்து நின்று எண்ணும் பழக்கத்தை ஆலனுக்கு அளித்தது போலும். பத்து வயதளவில் எட்வின் புரூஸ்டர் என்பார் குழந்தைகளுக்காக எழுதிய இயற்கை நூலொன்று அவர் கையில் கிடைத்தது. உடலை ஒரு நுண்ணிய எந்திரமாகக் காட்டிய அந்நூலே தம் அறிவியற் கண்ணைத் திறந்தது எனப் பிற்காலத்தில் அவர் தாயாரிடம் கூறியதாக அறிகிறோம்.

1926ஆம் ஆண்டு ஷெர்போர்ன் பள்ளியில் சேர அவர் புறப்பட்ட வேளையில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நடந்து கொண்டிருந்தது. இரயில் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவராகிய டூரிங் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவு மிதிவண்டியிலேயே சென்று பள்ளியை அடைந்தார். இடையில் ஒரிரவு விடுதியில் தங்கினார். பிறர் வகுத்த வழி அடைபட்டால் தமக்கென வேறு வழி காணும் இயல்பு அப்பொழுதே அவரிடம் அமைந்திருந்தது.

பள்ளியில் கிறிஸ்டோபர் மார்க்கம் என்னும் மாணவர் அவருக்கு உற்ற தோழராக அமைந்தார். கணிதமும் வானியலும் இருவரையும் இணைத்தன. 1930ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மார்க்கம் காசநோயால் இறந்தார். அத்துயரம் டூரிங்கை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. தோழர் முடிக்காது சென்ற பணியைத் தாம் முடிக்க வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் ஊன்றியது. மனித மனம் உடலோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்னும் வினாவும் அத்துயரத்தின் ஊடே அவருள் வலுப்பெற்றது.

எண்ணத்தில் பிறந்த எந்திரம்

1931இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935இல் அக்கல்லூரியின் ஆய்வுத் தகைமையாளராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையொன்று கணித உலகின் போக்கையே மாற்றியது. கணிக்கத்தக்கவை எவை, தகாதவை எவை என்னும் வினாவுக்கு விடை காணப் புகுந்த அவர், தாளில் எழுதியும் அழித்தும் கணக்கிடும் ஒரு மனிதரின் செயலைக் கூர்ந்து நோக்கினார். அச்செயலை மிக எளிய படிகளாகப் பகுத்தார். அப்படிகளை மட்டும் செய்யவல்ல கற்பனை எந்திரம் ஒன்றை எண்ணத்தில் அமைத்தார். கட்டளைகளை மாற்றித் தந்தால் அவ்வொரே எந்திரம் வேறு எந்த எந்திரத்தின் பணியையும் செய்யும் என நிறுவினார். இன்றைய கணிப்பொறியின் கருத்து மூலம் இதுவே.

இசையோடு இதற்கு உள்ள தொடர்பு வெளிப்படையானது. கணக்குப் போடும் எந்திரம், கடிதம் எழுதும் எந்திரம், பண் இசைக்கும் எந்திரம் எனத் தனித்தனியே வேண்டுவதில்லை. குறிகளால் எழுதத்தக்கது எதுவாயினும் அதனை ஒரே எந்திரம் கையாளும். சுரங்களும் குறிகளே. எண்களைப் போலவே சுரங்களின் உறவுகளையும் எந்திரம் கையாளக்கூடும் என்பதை ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843இலேயே சுட்டியிருந்தார். அவர் காலத்தில் அவ்வெந்திரம் முழுமையாகக் கட்டப்படவில்லை. அவ்வம்மையார் ஓர் எல்லையையும் வகுத்திருந்தார். எந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் ஏவியதையே செய்யும் என்பது அவர் கருத்து. அவ்வெல்லையைப் பற்றிப் பின்னர் டூரிங் மறுத்துரைத்ததை மேலே காண்போம்.

1938இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய டூரிங்கை அடுத்த ஆண்டே உலகப் போர் அழைத்துக் கொண்டது. பிளெட்சிலி பார்க் என்னும் இடத்தில், செருமானியப் படையின் எனிக்மா மறைகுறிகளை உடைக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்பே கண்டிருந்த வழிகள் அவருக்குத் துணை நின்றன. அவரும் கார்டன் வெல்ச்மன் என்பாரும் வடிவமைத்த பொறி, எண்ணற்ற அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சோதித்தது. தமக்குள் முரண்படுவனவற்றைத் தள்ளியது. முரண்படாத சிலவற்றை மட்டும் மனிதரின் ஆய்வுக்கு விட்டது. பலவற்றைப் பிறப்பித்துப் பெரும்பாலானவற்றைக் கழித்தல் என்னும் நெறியின் ஆற்றலை டூரிங் இங்கு நேரில் கண்டார் என்பது நம் கருத்து. கடற்படை மறைகுறிகளை உடைத்ததில் அவர் ஆற்றிய பணி பெரும் உயிர்ச்சேதத்தைத் தவிர்த்தது. ஆனால் அப்பணி 1970கள் வரை மறைபொருளாகவே வைக்கப்பட்டிருந்தது.

டார்வினின் பெயரரும் தேர்வுக் கருத்தும்

போருக்குப் பின் 1945இல் டூரிங் இலண்டனை அடுத்த தேசிய இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்து மின்னணுக் கணிப்பொறி ஒன்றைத் திட்டமிட்டார். அக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர் சர் சார்லஸ் கால்டன் டார்வின். இயற்கைத் தேர்வுக் கொள்கையை வகுத்த சார்லஸ் டார்வினின் பெயரர். 1948இல் டூரிங் அறிவுள்ள எந்திரங்கள் பற்றி ஓர் அறிக்கை எழுதி அவரிடம் அளித்தார். அதில் தேடல் மூவகைப்படும் என வகுத்திருந்தார். ஒன்று, அறிவினால் விடை தேடுதல். இரண்டு, சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் கூடித் தேடுதல். மூன்று, மரபுக் கூறுகளின் சேர்க்கைகளுள் நிலைத்து வாழத்தக்கதைத் தேடும் பரிணாமத் தேடல். பாட்டனார் உயிருலகில் கண்ட நெறியை எந்திர உலகிற்குக் கொண்டுவந்த அவ்வறிக்கையைப் பெயரர் பள்ளி மாணவன் எழுதிய கட்டுரையாகக் கருதி ஒதுக்கினார் என்பர். டூரிங் வாழ்ந்த காலத்தில் அது அச்சேறவே இல்லை. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே வெளிவந்தது. தேர்ந்தெடுப்போர் எக்காலத்தும் சரியாகவே தேர்வர் என்பதற்கு உறுதி இல்லை என்பதை இந்நிகழ்ச்சியே காட்டுகிறது.

ஒதுக்கப்பட்ட கருத்தை டூரிங் கைவிடவில்லை. 1950இல் மெய்யியல் இதழ் ஒன்றில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அதனை மேலும் தெளிவாக்கினார். முதிர்ந்த மனித அறிவை நேரடியாக எந்திரத்தில் அமைக்க முயல்வதினும், குழந்தையின் மனத்தைப் போன்ற எளிய எந்திரத்தை அமைத்து அதற்குக் கற்பித்தலே சிறந்தது என்றார். நல்ல குழந்தை எந்திரம் முதல் முயற்சியிலேயே கிட்டாது. ஒன்றை அமைத்துக் கற்பித்துப் பார்க்க வேண்டும். பின் சிறிது மாற்றிய மற்றொன்றை அமைத்துப் பார்க்க வேண்டும். சிறந்ததைக் கொள்ள வேண்டும். இதனைப் பரிணாமத்தோடு அவர் வெளிப்படையாகவே ஒப்பிட்டார். குழந்தை எந்திரத்தின் அமைப்பு, உயிர்களின் மரபுப் பொருளுக்கு ஒப்பு. அதில் செய்யும் மாற்றம், மரபில் தோன்றும் திடீர் மாற்றத்திற்கு ஒப்பு. சோதனை செய்பவரின் தீர்ப்பு, இயற்கைத் தேர்வுக்கு ஒப்பு.

இம்மூன்றாம் ஒப்பீடே நம் பொருளுக்கு உயிர்நாடி. இயற்கையில் தேர்ந்தெடுப்பவர் என ஒருவரைக் காட்ட முடியாது. பசியும் குளிரும் பகையும் கழித்தனபோக எஞ்சியது வாழ்கிறது. எந்திரத்தின் பரிணாமத்திலோ தேர்ந்தெடுப்பவர் ஒரு மனிதர். அவருக்குச் சுவை உண்டு, நோக்கம் உண்டு, பொறுப்பும் உண்டு. குறை எங்குள்ளது எனக் கண்டு அதற்கேற்ற மாற்றத்தை அவர் எண்ணிச் செய்யலாமாகையால் இயற்கையினும் விரைவாக முன்னேறலாம் என்றும் டூரிங் நம்பினார்.

அதே கட்டுரையில் அவர் இரு மறுப்புகளுக்கு விடை கூறினார். ஒன்று லவ்லேஸ் அம்மையாரின் கருத்து. எந்திரங்கள் தம்மைப் பலகாலும் வியப்பில் ஆழ்த்தியுள்ளன என்றும், கற்கும் எந்திரத்தின் உள்ளே நிகழ்வதை ஆசிரியரே முழுதும் அறியார் என்றும் டூரிங் காட்டினார். மற்றொன்று மான்செஸ்டர் நகர மூளை அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1949இல் ஆற்றிய உரையில் எழுப்பியது. உணர்ந்து ஒரு கவிதையையோ இசைப் படைப்பையோ எந்திரம் ஆக்கும் வரை அதனை மூளைக்கு இணையாகக் கொள்ள இயலாது என்பது அவர் கருத்து. பிறர் உணர்வதை நாம் அவர்தம் சொல்லாலும் செயலாலும் அன்றி வேறு எவ்வாறு அறிகிறோம் என டூரிங் திருப்பிக் கேட்டார். எந்திரம் இசை படைக்குமா என்னும் வழக்கு இவ்வாறு கணிப்பொறியின் தொடக்க நாளிலேயே மன்றம் ஏறியது.

எந்திரம் பாடிய நாள்

1948இல் டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திற்குப் பணி மாறினார். அங்கு 1951ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃபெராண்டி நிறுவனத்தின் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதனை இயக்குவோருக்கான கையேட்டை டூரிங் எழுதினார். அவ்வெந்திரத்தில் ஒலிபெருக்கி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதற்கு ஒரு மின்துடிப்பை அனுப்பும் தனிக் கட்டளையும் இருந்தது. ஒரு துடிப்பு காதுக்குச் சிறு சொடுக்காகவே கேட்கும். அதனையே சீரான இடைவெளியில் நொடிக்குப் பல நூறு தடவை திரும்பத் திரும்ப எழுப்பினால் காது அதனைத் தொடர்ந்த ஒரு சுரமாக உணரும். இடைவெளியை நீட்டினால் சுரம் தாழும், குறுக்கினால் உயரும். இச்செய்தியைக் கையேட்டில் விளக்கிய டூரிங், வேலை முடிந்தது, பிழை நேர்ந்தது என்பனவற்றை அறிவிக்கும் குறிப்பொலிகளாகவே சுரங்களைப் பயன்படுத்தினார். அவர் இளமையில் வயலின் பயின்றவர்; எனினும் எந்திரத்தைக் கொண்டு மெட்டு இசைக்க அவர் முனையவில்லை.

அப்பணியைச் செய்தவர் பள்ளி ஆசிரியராக இருந்த கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. டூரிங்கின் கையேட்டைப் படித்து அவர் எழுதி வந்த நீண்ட கட்டளைத் தொடர், தன் வேலை முடிந்ததும் பிரித்தானிய நாட்டுப் பண்ணை ஒலித்தது. அங்கிருந்தோர் வியந்தனர். டூரிங் சுருங்கிய சொற்களால் பாராட்டினார் என்பர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பி.பி.சி. வானொலியினர் வந்து அவ்வெந்திரத்தின் இசையைத் தட்டில் பதிவு செய்தனர். அத்தட்டில் இருந்த ஒலியை 2016ஆம் ஆண்டு நியூசிலாந்து ஆய்வாளர்கள் இருவர் செம்மைப்படுத்தி, எந்திரம் எழுப்பிய உண்மையான சுரநிலையை மீட்டனர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஒரு கணிப்பொறி மெட்டுகளை இசைத்தது என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

மான்செஸ்டர் எந்திரத்தில் மற்றொரு புதுமையும் இருந்தது. டூரிங்கின் வற்புறுத்தலால் அதில் தற்செயல் எண்களைத் தரும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டது. மின்னியல் இரைச்சலிலிருந்து, முன்கூட்டி அறிய இயலாத எண்களை அது தந்தது. இதனைக் கொண்டு ஸ்ட்ரேச்சி 1952இல் எந்திரத்தைக் காதற் கடிதங்கள் எழுதச் செய்தார். வாக்கியத்தின் அச்சு ஒன்றே. சொற்கள் ஒவ்வொரு முறையும் வேறு. ஒலிக்கும் பொறியும் வேறுபாட்டின் ஊற்றும் ஒரே எந்திரத்தில் வந்தமைந்தன. எஞ்சியது தேர்வு ஒன்றே.

தேர்வின் பயனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஏழு சுரங்களைக் கொண்டு எட்டு இடங்களை நிரப்பி மெட்டு அமைப்பதாகக் கொள்வோம். எந்தச் சுரமும் எந்த இடத்திலும் வரலாம் எனின் பிறக்கும் மெட்டுகள் 57,64,801. ஒன்றைக் கேட்க ஐந்து நொடி எனக் கொண்டால் உறக்கமும் உணவும் இன்றிக் கேட்டாலும் 333 நாட்களுக்கு மேலாகும். மாறாக, இருபது மெட்டுகளைக் கேட்டு நல்லன நான்கைக் கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று கலந்தும் ஓரிரு சுரங்களை மாற்றியும் அடுத்த இருபதைப் பிறப்பித்து, இவ்வாறு பத்துத் தலைமுறை வளர்த்தால் கேட்க வேண்டியவை 200 மட்டுமே. அதற்குப் பதினேழு நிமிடங்கள் போதும். மிகச் சிறந்த மெட்டு கிடைத்தே தீரும் என்பதற்கில்லை. முதல் இருபதினும் நம் செவிக்கு உவப்பானவை கிடைக்க வாய்ப்பு மிகுதி. பரிணாம நெறியின் சிக்கனம் இதுவே.

இறுதி ஆண்டுகள்

1951ஆம் ஆண்டு இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்ற டூரிங், அடுத்து உயிர்களின் வடிவத் தோற்றத்தை ஆராய்ந்தார். ஒரே தன்மையான கருவில் வரிகளும் புள்ளிகளும் எவ்வாறு தோன்றுகின்றன என்பது அவர் எடுத்துக் கொண்ட வினா. தற்செயலாக எழும் மிகச் சிறு வேறுபாடுகள், இரசாயனப் பொருள்களின் வினையாலும் பரவலாலும் பெருகி ஒழுங்கான வடிவமாகக் கூடும் என 1952இல் வெளியான கட்டுரையில் அவர் கணித வழியில் காட்டினார்.

அவ்வாண்டே அவர் வாழ்வில் இடி விழுந்தது. தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றி அவர் காவல் துறையிடம் முறையிட்டார். விசாரணையின்போது ஆடவர் ஒருவரோடு அவர் கொண்டிருந்த உறவு வெளிப்பட்டது. அன்றைய இங்கிலாந்துச் சட்டம் அதனைக் குற்றமாகக் கொண்டிருந்தது. முறையிட்டவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறைக்கு மாற்றாக ஓராண்டுக் காலம் உடலியல்பை மாற்றும் சுரப்பு மருந்தை ஏற்க வேண்டும் என விதிக்கப்பட்டது. நாட்டைக் காத்த மறைகுறிப் பணியின் கதவும் அவருக்கு அடைக்கப்பட்டது. அவர் ஆற்றிய பணியை வெளியிட வழியில்லாமையால், எத்தகைய மனிதரைத் தாம் தண்டிக்கிறோம் என்பதை நாட்டு மக்களும் அறியவில்லை.

1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயது நிறைவதற்குப் பதினாறு நாட்களே இருந்த வேளையில், வில்ம்ஸ்லோ என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் சயனைடு நஞ்சினால் டூரிங் உயிர் நீத்தார். தற்கொலை என விசாரணை முடிவு செய்தது. சோதனை செய்கையில் நேர்ந்த விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். 1967இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. 2009இல் பிரித்தானியப் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021இல் ஐம்பது பவுன் பணத்தாளில் டூரிங்கின் உருவம் இடம் பெற்றது.

வித்தும் விளைவும்

டூரிங் மறைந்து இரண்டு ஆண்டுகளில், 1956இல், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜரன் ஹில்லர், லெனார்டு ஐசக்சன் ஆகிய இருவரும் இல்லியாக் கணிப்பொறியைக் கொண்டு நால்வர் வாசிக்கும் நரம்பிசைப் படைப்பொன்றை உருவாக்கினர். எந்திரம் தற்செயல் எண்களால் சுரங்களைப் பிறப்பித்தது; இசை இலக்கண விதிகளுக்கு மாறானவற்றைத் தள்ளியது. இங்குத் தேர்ந்தெடுத்தது விதி.

1975இல் ஜான் ஹாலந்து, பரிணாம நெறியைக் கணிப்பொறிக்குரிய முறையாக வகுத்து நூல் வெளியிட்டார். 1991இல் ஆண்ட்ரூ ஹார்னரும் டேவிட் கோல்ட்பர்கும் அம்முறையால் ஒரு மெட்டைப் படிப்படியாக மாற்றி மற்றொரு மெட்டைச் சென்றடையச் செய்தனர். 1994இல் ஜான் பைல்ஸ் என்பார் ஜாஸ் இசைத் தொடர்களை வளர்க்கும் கட்டளைத் தொகுப்பை அறிமுகம் செய்தார். எந்திரம் வாசிக்க, கேட்பவர் நன்று எனவோ தீது எனவோ விசையை அழுத்துவார். அதற்கேற்பத் தொடர்கள் பெருகும் அல்லது மறையும். இங்குத் தேர்ந்தெடுத்தது தனி மனிதர் ஒருவரின் செவி. எந்திரம் நொடியில் ஆயிரம் தொடர்களைப் பிறப்பிக்கும். மனிதரோ ஒவ்வொன்றையும் அதன் காலம் முழுதும் கேட்டாக வேண்டும். செவி களைத்தால் தேர்வு கெடும். இதுவே இம்முறையின் குறுகிய கழுத்து எனப் பைல்ஸ் உணர்ந்தார்.

அக்குறை தீரப் பலர் செவியை நாடினர் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ராபர்ட் மெக்கலம், ஆர்மண்ட் லெராய் முதலியோர். 2012இல் வெளியான அவர்தம் ஆய்வில் எட்டு நொடி அளவினவான நூறு ஒலித்துணுக்குகள் ஏறத்தாழ 7,000 பேரின் விருப்ப மதிப்பீட்டால் 2,500 தலைமுறைகளுக்கு மேல் வளர்க்கப்பட்டன. இரைச்சல் போன்று தொடங்கியவை விரைவில் தாளமும் இணக்கமும் பெற்றன. ஆனால் ஏறத்தாழ 600 தலைமுறைகளுக்குப் பின் முன்னேற்றம் தேங்கியது. துணுக்குகள் நுட்பம் பெறப்பெற, கலப்பின்போது அந்நுட்பம் சிதையாமல் பிள்ளைத் துணுக்குகளைச் சென்றடைவது அரிதாயிற்று என்பதை ஆய்வாளர் காரணமாகக் கண்டனர். மாற்றம் மட்டும் இசையை வளர்ப்பதில்லை, பெற்றதைச் சிதையாமல் கையளித்தலும் வேண்டும் என்னும் உண்மையை இது உணர்த்துகிறது. ஆசிரியரிடம் மாணவர் நெடுங்காலம் அமர்ந்து பாடம் கேட்கும் மரபின் பொருளும் இதுவன்றோ?

நிறைவாக

விதி, தனி மனிதர், பொதுமக்கள் எனத் தேர்ந்தெடுப்போர் மூவகையாக மாறினும், தேர்வின்றிக் கணிப்பொறி இசை வளரவில்லை என்பது இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். 2020களில் சில சொற்களைத் தட்டச்சு செய்த அளவிலேயே முழுப் பாடலைத் தரும் எந்திரங்கள் வந்துவிட்டன. அவை பரிணாம நெறியினும், ஏற்கெனவே உள்ள இசையைக் கற்கும் நெறியையே பெரிதும் சார்ந்தவை. கற்கும் எந்திரம் என்பதும் டூரிங் எண்ணிய வழியே. எந்திரம் எவ்வளவு மிகுதியாகத் தருகிறதோ, எதைக் கொள்வது எதைத் தள்ளுவது என்னும் மனிதப் பணியின் பளுவும் அவ்வளவு மிகுகிறது.

டூரிங் எந்திரத்திற்கு வேறுபாட்டை அளித்தார். தீர்ப்பை மனிதரிடம் விட்டார். தீர்ப்பளிக்கும் மனிதர் நடுவுநிலை உடையவராய் இருத்தல் வேண்டும் என்பதை அவர் கட்டுரை விரித்துரைக்கவில்லை. அவர் வாழ்க்கை உரைத்து நிற்கிறது. ஒரு நாட்டின் அதிகாரம் தன் அறிவுச் செல்வருள் தலையாய ஒருவரைத் தள்ளத்தக்கவர் எனத் தீர்த்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து அத்தீர்ப்புக்காக வருந்தியது. மெட்டைத் தவறாகத் தள்ளினால் மீண்டும் பிறப்பிக்கலாம். மனிதரைத் தவறாகத் தள்ளினால் மீட்க இயலாது. ஆதலின் பாடலாயினும் கருத்தாயினும் மனிதராயினும், முழுதும் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறும் பொறுமையைப் பழகுவோமாக. மாணவ மணிகள் டூரிங்கின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க பாடம் இதுவென்பது நம் துணிபு.